சுக்கான், வெப்பம், ஆக்சிஜன்: இறங்கா விந்தகத்தின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு

நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு பேருக்கு விந்தகங்களுள் ஒன்றோ இரண்டுமோ விதைப்பைக்கு வந்து சேர்ந்திருப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளிடம் இவ்விகிதம் பன்மடங்கு அதிகம். அவர்களுள் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதங்களுக்குள் விந்தகம் தானாகவே இறங்கிவிடுகிறது. எஞ்சியோருக்கு அது அடிவயிற்றிலோ கவட்டுப் பகுதியிலோ தங்கிவிடுகிறது. வளர்ந்தபின் இவர்களுடைய மகப்பேற்றுத் திறன் குறையக்கூடும் என்பதை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். ஏன் குறைகிறது, அதனை எவ்வாறு காப்பது என்னும் வினாக்களுக்குக் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் மூன்று விடைகள் தோன்றின. முதல் விடையை உடற்கூற்றியலும், இரண்டாவதை வெப்பவியலும், மூன்றாவதை ஆக்சிஜன் வேதியியலும் அளித்தன. இன்று மருந்துக் கடைகளில் ஆண் மலட்டுத்தன்மைக்கென விற்கப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள் மூன்றாம் விடையின் வழிவந்தவை. அவற்றின் தகுதியை எடைபோட, அந்த விடை பிறந்த வரலாற்றை அறிவது இன்றியமையாதது.

ஹண்டர் எழுப்பிய வினா

இலண்டனில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் (1728–1793), கருவிலுள்ள சிசுக்களின் உடல்களைக் கூறிட்டு ஆராய்ந்து எழுதிய குறிப்புகள், 1762-இல் அவருடைய தமையன் வில்லியம் ஹண்டர் வெளியிட்ட நூலில் இடம்பெற்றன. விந்தகம் முதலில் வயிற்றினுள் சிறுநீரகத்தை ஒட்டி அமைகிறது என்பதையும், பிறப்பதற்கு முன் அது கீழிறங்குகிறது என்பதையும், அதன் கீழ்முனையிலிருந்து விதைப்பை நோக்கிச் செல்லும் ஒரு தசைநார் அந்தப் பயணத்துக்கு வழிகாட்டுகிறது என்பதையும் அவர் விளக்கினார். அத்தசைநாருக்கு அவர் இட்ட 'குபர்நாகுலம்' என்னும் இலத்தீன் பெயருக்குச் சுக்கான் என்பது பொருள். படகைத் திருப்பும் அதே சுக்கான்தான்.

ஹண்டரின் வருணனையைவிட நீண்ட ஆயுள் பெற்றது அவர் எழுப்பிய ஒரு வினா. இறங்காத விந்தகம் சிறுத்தும் குறையுற்றும் காணப்படுகிறது. இறங்காமையால் அது குறையுற்றதா, அல்லது பிறவியிலேயே குறையுற்றிருந்ததால் இறங்காது நின்றதா? ஹண்டர் இரண்டாம் கருத்தின் பக்கமே சாய்ந்தார். இத்தேர்வின் விளைவு பெரிது. குறை பிறவியிலேயே அமைந்தது என்றால், விந்தகத்தைக் கீழே இறக்கி வைப்பதால் மகப்பேற்றுத் திறன் மீளும் என எதிர்பார்க்க இடமில்லை.

19-ஆம் நூற்றாண்டின் அறுவை மருத்துவத்தை இக்கருத்தின் நிழலிலேயே வாசிக்க வேண்டும். 1820-இல் ஜெர்மனியில் ரோசன்மெர்கல் விந்தகத்தை விதைப்பையில் பொருத்த முயன்றார். எடின்பரோவில் தாமஸ் அனண்டேல் 1877-இல் செய்த அறுவையே வெற்றி பெற்ற முதல் முயற்சியாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. கிருமி நீக்க அறுவை முறையின் தந்தையான ஜோசப் லிஸ்டர் இலண்டனுக்குச் சென்றபோது, எடின்பரோவில் அவர் வகித்த பேராசிரியர் பொறுப்பை அதே 1877-இல் ஏற்றவர் அனண்டேல். லிஸ்டரின் முறை பரவியிராவிடில் கவட்டுப் பகுதியைத் திறக்கும் துணிவு எளிதில் வந்திராது. 1899-இல் சிகாகோவின் ஆர்தர் டீன் பெவன் தம் அறுவை முறையை வெளியிட்டபின் இச்சிகிச்சை பரவலாயிற்று. எனினும் குடலிறக்கம், வலி, விந்தக முறுக்கம் ஆகியவையே அக்கால அறுவைக்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணங்கள். மகப்பேறு முதன்மை நோக்கமாக மாறுவதற்கு வேறொரு விளக்கம் வர வேண்டியிருந்தது.

வெப்பம் குற்றவாளியானது

அவ்விளக்கம் 1922-இல் வந்தது. எடின்பரோவின் விலங்கு மரபியலாளர் எஃப். ஏ. ஈ. க்ரூ, இறங்கா விந்தகத்தில் விந்தணுக்கள் உருவாகாமைக்கு வயிற்றறையின் வெப்பமே காரணமாகலாம் என ஒரு சிறு கட்டுரையில் முன்மொழிந்தார். விதைப்பையின் வெப்பநிலை உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைவு. அந்தச் சிறு வேறுபாட்டில்தான் விந்தணு உற்பத்தியே தங்கியிருக்கிறது என்பது அவர் வாதம்.

க்ரூவின் ஊகத்தைச் சோதனையால் நிலைநாட்டியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கார்ல் மூர். ஐரோப்பாவில் அப்போது யூஜென் ஸ்டைனாக் என்பாரின் 'இளமை மீட்பு' அறுவை புகழ் பெற்றிருந்தது. விந்துக்குழாயைக் கட்டினால் விந்தணு உற்பத்தி செய்யும் திசு அழிந்து, ஹார்மோன் சுரக்கும் திசு பெருகும் என்பது அதன் அடிப்படை. இத்தகைய கூற்றுகளைச் சோதித்துவந்த மூரும் அவருடன் பணியாற்றியோரும், விந்தகம் இருக்கும் இடமே தீர்மானமானது எனக் கண்டனர். கினிப்பன்றியின் நலமான விந்தகத்தை வயிற்றினுள் தள்ளி வைத்தபோது அதன் விந்தணுத் திசு சிதைந்தது. 1924-இல் வெளியான ஆய்வுகளில் மூர் இன்னும் ஒரு படி சென்றார். செம்மறிக் கடாவின் விந்தகத்தை இடம் மாற்றாமலேயே, விதைப்பையை மட்டும் வெப்பம் வெளியேறாதவாறு மூடிக் கட்டினார். அப்போதும் சிதைவு நேர்ந்தது. இடம் மாறாதபோதும் கேடு விளைந்ததால், இடத்தின் ஊடே செயல்பட்டது வெப்பமே என்பது தெளிவாயிற்று. விதைப்பை ஒரு வெப்பச் சீராக்கி என்னும் கருத்து அன்றுமுதல் பாடநூல்களில் நிலைபெற்றது.

இதனால் ஹண்டரின் விடை தலைகீழாயிற்று. நல்ல விந்தகமும் தவறான இடத்தில் கெடும் என்றால், கெடுவதற்குமுன் இடத்தை மாற்றினால் காக்கலாம். மகப்பேற்றைக் காக்கும் நோக்குடன் அறுவை செய்வதற்கான அறிவியல் நியாயம் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஆயினும் மூரின் சோதனையில் ஓர் எல்லை உண்டு. அவர் வயிற்றினுள் வைத்தது முழு வளர்ச்சியடைந்த நலமான விந்தகம். குழந்தையின் இறங்கா விந்தகமோ கருக்காலத்திலிருந்தே வேறொரு பாதையில் சென்றிருக்கக்கூடியது. வெப்பம் எல்லா உயிரினங்களுக்கும் பொதுவான விதியும் அன்று. யானையின் விந்தகங்கள் வாழ்நாள் முழுதும் சிறுநீரகங்களின் அருகே வயிற்றினுள்ளேயே இருக்கின்றன. யானைக்கு மலட்டுத்தன்மை இல்லை. விந்தக இறக்கத்துக்குத் தேவையான இரு மரபணுக்கள் யானையின் கிளையைச் சேர்ந்த சில விலங்குகளில் செயலிழந்து எச்சங்களாகக் கிடப்பதை 2018-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவற்றின் மூதாதைகளிடம் இறக்கம் இருந்து, பின்னர் இழக்கப்பட்டது என்பதே அதன் முடிவு. உள்வெப்பத்தைத் தாங்கும் உயிரணுக்களும் பரிணாமத்தில் சாத்தியம் என்றால், வெப்பம் உயிரணுவினுள் எதனைத் தாக்குகிறது, அதைத் தடுக்க இயலுமா என்னும் அடுத்த வினா இயல்பாகவே எழுகிறது.

ஆக்சிஜனின் தனிவழி

க்ரூ தம் ஊகத்தை எழுதிய அதே 1922-இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவான்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளின் உணவில் குறிப்பிட்ட ஒரு பொருள் இல்லாவிடில் கரு நிலைக்காமல் கரைந்துவிடுகிறது என அறிவித்தனர். அப்பொருளின் குறைபாடு ஆண் எலிகளின் விந்தகத்தைச் சிதைக்கிறது என்பதை அடுத்த சில ஆண்டுகளில் கார்ல் மேசன் காட்டினார். வைட்டமின் ஈ எனப்பட்ட அது 1936-இல் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டபோது, மகப்பேற்றைத் தருவது என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களால் 'டோகோஃபெரால்' என்று பெயரிடப்பட்டது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களுள் புகழ்பெற்ற இவ்வைட்டமின், மகப்பேற்று வைட்டமினாகவே உலகுக்கு அறிமுகமாயிற்று. இன்றைய விளம்பரங்கள் அதனுடன் மகப்பேற்றை இணைப்பதன் வேர் எலி உணவின் குறைபாட்டு ஆய்வில் உள்ளது. குறைபாட்டை நீக்குவதும், குறைபாடற்ற ஒருவருக்கு மேலும் அளிப்பதும் ஒன்றல்ல என்பது மட்டும் இடையில் மறக்கப்பட்டது.

விந்தணுவுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பகை வேறொரு வழியில் வெளிப்பட்டது. 1943-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் மெக்லியட், ஆக்சிஜன் மிகுந்த சூழலில் மனித விந்தணுக்கள் இயக்கம் இழப்பதையும், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தால் அவ்விழப்பு தடுக்கப்படுவதையும் கண்டார். 1946-இல் டோசிச், வால்டன் இருவரும் காளையின் விந்தணுக்களே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதை எழுதினர். உயிர்வேதியியலின் பொது நீரோட்டம் இவ்வுண்மையை உள்வாங்கக் காலம் பிடித்தது. அர்ஜென்டினாவின் ரெபேக்கா கெர்ஷ்மன் 1954-இல், ஆக்சிஜன் நச்சுத்தன்மைக்கும் எக்ஸ் கதிர்ப் பாதிப்புக்கும் தனியுறுப்புகள் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளே பொதுக் காரணம் எனக் கூட்டாளிகளுடன் முன்மொழிந்தார். 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியின் பணியைக் கண்டறிந்தபோது, உடல் இம்மூலக்கூறுகளுக்கு எதிராக நிலையானதொரு காவலை வைத்திருக்கிறது என்பது உறுதியாயிற்று.

1979-இல் ராய் ஜோன்ஸ், தாடியஸ் மான், ஷெரின்ஸ் ஆகியோர் மனித விந்தணுச் சவ்வின் கொழுப்புகள் ஆக்சிஜனேற்றத்தால் சிதைவதை விளக்கினர். விந்தணுவின் அமைப்பே அதன் பலவீனம். அதன் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் மிகுதி. காவல் நொதிகள் தங்குவதற்கான உயிரணுச்சாறோ மிகக் குறைவு. 1980-களின் பிற்பகுதியில் எடின்பரோவின் ஜான் எய்ட்கன், அமெரிக்காவின் அல்வரெஸ், ஸ்டோரி ஆகியோரின் ஆய்வுகள் இதனை ஆண் மலட்டுத்தன்மையின் மையக் கருத்துகளுள் ஒன்றாக்கின.

1922-இல் தனித்தனியே தொடங்கிய வெப்பம், ஆக்சிஜனேற்றம் என்னும் இரு இழைகளும் இறங்கா விந்தகத்தில் வந்து சேர எழுபது ஆண்டுகள் ஆயின. 1992-இல் பின்லாந்தின் அஹோடுபா, ஹுஹ்டானியேமி இருவரும், செயற்கையாக வயிற்றினுள் வைக்கப்பட்ட எலி விந்தகத்தில் ஆக்சிஜன் நச்சுகளை நீக்கும் திறன் குன்றி, ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகுவதை அளந்து காட்டினர். 1995-இல் அவர்களது குழு, வயிற்றினுள் அமைந்த விந்தகத்தில் கொழுப்புச் சிதைவு உயர்ந்திருப்பதை மீண்டும் பதிவு செய்தது. 1998-இல் வேறொரு குழு, இந்நிலையில் இனச்செல்கள் பி53 என்னும் புரதத்தின் வழியே தம்மைத் தாமே அழித்துக்கொள்வதை விளக்கியது. 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஆக்சிஜன் நச்சுகளை உண்டாக்கும் சாந்தைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கும் மருந்துகள் அச்செல் இறப்பைக் குறைப்பதாக எழுதினர். சங்கிலி முழுமை பெற்றதாகத் தோன்றியது: இடம் வெப்பத்தைக் கூட்டுகிறது, வெப்பம் ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டுகிறது, ஆக்சிஜனேற்றம் இனச்செல்லைக் கொல்கிறது, தடுப்பான் அதனைக் காக்கிறது. அதன்பின் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, மெலடோனின், தாவரச் சாறுகள் எனப் பல பொருள்கள் எலிகளில் சோதிக்கப்பட்டன. நற்பலன் கூறும் கட்டுரைகள் பெருகின.

எலிக்கும் குழந்தைக்கும் இடையே

இக்கட்டுரைகளை வாசிக்கும் மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. இவற்றுள் பெரும்பாலானவை மூரின் மரபைத் தொடர்பவை. நலமான எலியின் விந்தகத்தை அறுவையால் மேலே தள்ளி வைத்து, சில வாரங்கள் கழித்து அதன் திசுவைப் பார்ப்பது அவற்றின் முறை. வெப்பத்தால் விளையும் கேட்டை மட்டும் பிரித்தறிய இது சிறந்த முறை. ஆனால் குழந்தையின் சிக்கல் வெப்பத்தோடு முடிவதில்லை.

பிறந்த சில மாதங்களில் ஆண் குழந்தையின் ஹார்மோன் அளவு சிறிது காலம் உயர்ந்து தாழ்கிறது. அதனைக் 'குறும்பருவம்' எனலாம். அக்காலத்தில் விந்தகத்தின் மூல இனச்செல்கள், வாழ்நாள் முழுதும் விந்தணுவைத் தரவல்ல தண்டுச்செல்களாக மாறுகின்றன. இறங்கா விந்தகத்தில் இம்மாற்றம் குன்றுகிறது என்பதை சுவிட்சர்லாந்தின் ஹஜிசெலிமோவிச் பல பத்தாண்டுகளாகத் திசு ஆய்வுகளால் வலியுறுத்திவந்தார். இன்எஸ்எல்3 என்னும் ஹார்மோனின் மரபணுவை நீக்கிய எலிகளில் விந்தகம் இறங்குவதே இல்லை என்பது 1999-இல் தெரியவந்தது. இங்கெல்லாம் பேசுவது ஹண்டரின் குரல்: குறையின் ஒரு பகுதி இடத்துக்கு முந்தியது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் செல்லைச் சிதைவிலிருந்து காக்கலாம். உருவாகாத தண்டுச்செல்லை அது உருவாக்குவதில்லை.

ஹார்மோன் சிகிச்சையின் கதை இதற்கு முன்னுதாரணமாகிறது. கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பெறப்படும் எச்சிஜி ஊசி, விந்தகத்தை இறக்குவதற்காக 1930-கள் முதல் வழங்கப்பட்டது. கோட்பாடு பொருத்தமானது, சில குழந்தைகளுக்கு விந்தகம் இறங்கவும் செய்தது. ஆனால் 1997-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, இச்சிகிச்சைக்குப் பின் இனச்செல் இறப்பு மிகுவதையும், அவ்வாறு மிகுந்தோருக்கு வளர்ந்தபின் இனப்பெருக்கத் திறன் குன்றியிருப்பதையும் இணைத்துக் காட்டியது. 2007-இல் நோர்டிக் நாடுகளின் வல்லுநர்கள் ஒருமித்து வெளியிட்ட பரிந்துரை ஹார்மோன் சிகிச்சையைக் கைவிட்டு, 6 முதல் 12 மாதங்களுக்குள் அறுவை செய்யுமாறு கூறியது. அதே ஆண்டில் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட குழந்தைகளுள் 9 மாதத்தில் அறுவை பெற்றோரின் விந்தகம் 3 வயதில் பெற்றோருடையதைவிட நன்கு வளர்ந்திருந்தது. 2014-இல் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் ஹார்மோனைத் தவிர்த்து, 6 மாதத்துக்குள் இறங்காவிடில் நிபுணரிடம் அனுப்பி ஓராண்டுக்குள் அறுவையை முடிக்கப் பரிந்துரைத்தது. அறுபது, எழுபது ஆண்டுகள் நல்லெண்ணத்துடன் வழங்கப்பட்ட ஒரு மருந்து, நீண்டகால விளைவை அளந்தபின்னரே ஒதுக்கப்பட்டது.

மாத்திரைகளின் காலம்

மனிதரில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் விரிவாகச் சோதிக்கப்பட்டது மகப்பேற்றுக் குறையுள்ள வளர்ந்த ஆண்களிடம். இறங்கா விந்தகக் குழந்தைகளிடம் அன்று. அச்சோதனைகளின் தொகுப்பே இன்றைய நம்பிக்கைக்கு ஆதாரம். காக்ரேன் அமைப்பு 2011 முதல் இவற்றைத் தொகுத்துவருகிறது. 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 90 ஆய்வுகளும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் இடம்பெற்றனர். குழந்தைப் பிறப்பு கூடக்கூடும் என்னும் குறிப்பு அதில் உண்டு. அக்குறிப்பு தாங்கி நிற்கும் சான்றின் தரம் மிகக் குறைவு என்னும் எச்சரிக்கையும் உடன் உண்டு.

நன்கு திட்டமிட்ட இரு அமெரிக்கச் சோதனைகள் 2020-இல் வெளிவந்தன. ஒன்றில் வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிடின், துத்தநாகம், ஃபோலிக் அமிலம், லைகோபீன் ஆகியவை அடங்கிய கலவை அளிக்கப்பட்டது. விந்தணுவின் தரமோ அதன் டி.என்.ஏ. உறுதியோ மேம்படவில்லை. 2,370 ஆண்கள் பங்கேற்ற மற்றொன்றில் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதங்கள் வழங்கப்பட்டன. குழந்தைப் பிறப்பு மருந்துக் குழுவில் 34 விழுக்காடு, வெற்று மாத்திரைக் குழுவில் 35 விழுக்காடு. மருந்து பெற்றோரின் விந்தணுக்களில் டி.என்.ஏ. முறிவு சற்றே அதிகமாகவும் இருந்தது.

தடுப்பான் ஏன் எதிர்விளைவைத் தர வேண்டும்? இதற்கான விடை 1990-களிலேயே மாண்ட்ரியாலில் கிடைத்திருந்தது. எவ் த லாமிராந்த், குளோட் கஞ்ஞோன் இருவரின் ஆய்வுகள், முட்டையைத் துளைக்கும் ஆற்றலை விந்தணு பெறுவதற்கே சிறிதளவு சூப்பராக்சைடு தேவை என்பதைக் காட்டின. அளவு மிகுந்தால் நச்சாகும் அதே மூலக்கூறு, குறைந்த அளவில் செய்தி கடத்தும் தூதன். ஆக்சிஜன் நச்சைப் பகைவனாக மட்டும் காணும் பார்வை பாதி உண்மையையே காண்கிறது.

இதனால் மூன்றாம் விடை பொய்யாகிவிடவில்லை. வெப்பம் விளைக்கும் கேட்டின் வேதியியலை அது தெளிவாக்கியது. உரிய காலத்தில் அறுவை பெற்ற குழந்தைக்குத் துணைமருந்தாக ஒரு தடுப்பான் பயன்படலாம் என்பது நியாயமான கருதுகோள். ஆனால் அதனைச் சோதிக்க, ஒரு வயதுக் குழந்தைகளைச் சேர்த்து, அவர்கள் தந்தையாகும் வயது வரை தொடர வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீளும் பணி அது. அச்சோதனையின் இடத்தில் எலியின் சில வாரங்களை வைத்துவிட முடியாது.

எது காத்தது?

பிட்ஸ்பர்க்கில் பீட்டர் லீயும் குழுவினரும் 1990-களில் செய்த தொடராய்வுகளின்படி, ஒருபக்க விந்தகம் மட்டும் இறங்காதிருந்து அறுவை பெற்றோருள் தந்தையாக முயன்றவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வெற்றி பெற்றனர். குறையற்ற ஆண்களின் விகிதத்துக்கு இது மிக அருகில் உள்ளது. இருபக்கமும் இறங்காதிருந்தோரிடம் அது ஏறத்தாழ 65 விழுக்காடு. இவர்களுக்கு இவ்வாய்ப்பைத் தந்தது மாத்திரை அன்று. எஞ்சிய குறையை மாத்திரை நிரப்பும் என்பதற்குச் சான்றும் இல்லை. சுவீடனின் 16,983 ஆண்களைப் பற்றிய 2007-ஆம் ஆண்டு ஆய்வு, 13 வயதுக்குப்பின் அறுவை பெற்றோரின் விந்தகப் புற்றுநோய் ஆபத்து முன்னரே பெற்றோருடையதைவிட இருமடங்குக்கும் மேல் எனக் காட்டியது. காலமே இங்கு மருந்தின் பணியைச் செய்கிறது.

இந்தியாவில் இவ்வரலாறு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. குழந்தைகள் பல ஆண்டுகள் கடந்த பின்னரே அறுவைக்கு வருவதை இந்திய மருத்துவமனைகளிலிருந்து வெளிவரும் கட்டுரைகள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகின்றன. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், பிறவிக் குறைகள் என ஒன்பதைப் பட்டியலிட்டது. உதட்டுப் பிளவும் வளைபாதமும் பிறவிக் கண்புரையும் அதில் உள்ளன. இறங்கா விந்தகம் இல்லை. கருவிகளோ ஆய்வகமோ வேண்டாத, கைவிரல்களால் அறியத்தக்க ஒரு குறை அது. தடுப்பூசிக்காகக் குழந்தை ஆறு வாரத்திலும் பத்து வாரத்திலும் பதினான்கு வாரத்திலும் சுகாதார நிலையத்துக்கு வரவே செய்கிறது. அவ்வருகைகளில் தொட்டுப் பார்க்கப்படாத குழந்தை, முப்பது வயதில் மகப்பேற்று மையத்தின் வாயிலில் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரையுடன் நிற்கிறான்.

ஹண்டர் கேட்ட வினாவுக்கு இன்றுள்ள விடை, இரண்டும் உண்மை என்பதே. குறையின் ஒரு பகுதி பிறவியில் வருகிறது. மறு பகுதி தவறான இடத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் சேர்ந்துகொண்டே போகிறது. இரண்டாம் பகுதியைத் தடுக்கும் வழி 1877 முதல் அறுவை மருத்துவர்களின் கையில் இருக்கிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் அதனுடன் சேரத் தகுதியுடையனவா என்பதை இனி வரும் சோதனைகள் தீர்மானிக்கட்டும். அதுவரை அவை அறுவைக்கு மாற்றும் அல்ல, தாமதத்துக்குப் பரிகாரமும் அல்ல.